ஈறு காத்தல்: தூரிகையும் நூலும் கொப்பளிப்பு நீரும்

(வெள்ளி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் பல்லைப் பற்றியும் ஈற்றைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். கல்வி, வேலைவாய்ப்பு, இட ஒதுக்கீடு, நில உரிமை என்று பெரும்பொருள்கள் எத்தனையோ இருக்க, பல்லுக்கு இங்கே என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். இந்தக் காவிரிக் கடைமடையில் நம் முன்னோர் பண்ணையாரின் முன்னே எவ்வாறு நின்றார்கள்? தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கூலி கேட்கும்போதும் அந்தக் கை வாயைவிட்டு அகலவில்லை. நம் மூச்சுக்காற்றுகூட ஆண்டையின்மேல் படலாகாது என்பது அன்றைய கட்டளை.

போராட்டமும் சட்டமும் கல்வியும் அந்தக் கையைக் கீழே இறக்கின. ஆயின், இன்று பட்டம் பெற்ற நம் பிள்ளை ஒருவன் நேர்முகத் தேர்வில் அமரும்போது, ஈறு வீங்கி வாய் நாறுகிறதே என்று அஞ்சிக் கையை மீண்டும் வாயருகே கொண்டு போவானாயின், அது நமக்குத் துன்பம் தருவது அன்றோ? யாரும் கட்டளையிடாமலே அந்தப் பழைய கை மேலே எழுவதைத் தடுக்க வேண்டும். தடுக்கவும் முடியும். அதற்கான அறிவு சிறியது, செலவும் சிறியது. அதனை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஈறு நோய் என்பது யாது?

நாம் உண்ட சிறிது நேரத்திற்குள் பற்களின் மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய படலம் படிகிறது. அது வெறும் உணவுத் துணுக்கு அன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் கூடி வாழும் ஒரு குடியிருப்பு. நாவால் தடவினால் வழவழப்பாகத் தெரியும். அதனை நாள்தோறும் அகற்றாவிடில், உமிழ்நீரிலுள்ள உப்புகள் அதில் சேர்ந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்கும். அவ்வாறு இறுகியதைத்தான் பற்காரை என்கிறோம். நம் ஊரின் பெயரில் காரை இருக்கலாம். நம் வாயில் காரை இருக்க வேண்டியதில்லை.

இப்படலம் ஈற்றின் ஓரத்தில் தங்கும்போது ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, பல் துலக்கும்போது குருதி கசிகிறது. இது நோயின் முதல் நிலை. ஈறு அழற்சி எனப்படுவது. இந்த நிலையில் நோய் முழுவதும் மீளக்கூடியது. கவனியாது விட்டால் நோய் உள்ளே இறங்கும். ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே பை போன்ற பள்ளம் உண்டாகும், பல்லைத் தாங்கி நிற்கும் எலும்பு சிறிது சிறிதாகக் கரையும், பல் நீண்டது போலத் தோன்றும், ஆடும், முடிவில் விழும். கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. சொத்தைப் பல் வலிக்கும்; வலித்தால் மருத்துவரிடம் ஓடுவோம். ஈறு நோயோ பெரும்பாலும் வலிப்பதில்லை. வேரிலே அரிப்பு நடந்துகொண்டிருக்க, தென்னை பச்சையாகவே நிற்பது போன்றது அது. உலக நலவாழ்வு நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, கடுமையான ஈறு நோய்க்கு ஆளானோர் உலகில் சுமார் 100 கோடிப் பேர்.

நோயின் காரணம் இந்தப் படலமே என்பதைத் தெளிவாக நிறுவியவர் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டு அறிஞர். 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில், நலமான ஈறுகளை உடைய 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 நாள் முதல் 21 நாட்களுக்குள் அனைவர்க்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. தலைவிதியோ, பரம்பரைச் சாபமோ, பிறந்த சாதியோ இதில் இல்லை. படலம் இருந்தால் நோய், அகன்றால் நலம்.

தேயிலைத் தோட்டம் சொன்ன பாடம்

அன்பர்களே, இதே அறிஞர் பின்னர்ச் செய்த ஆராய்ச்சி ஒன்று நம்மோடு மிகவும் நெருங்கியது. நம் காரைக்கால் துறைமுகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தீவுகளான ரியூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏழைகள் கப்பலேறியதை நீங்கள் அறிவீர்கள். அதே நூற்றாண்டில் தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் பெருங்கூட்டம் சென்றது. சென்றவர்களுள் பலர் நம்மைப் போன்று ஒடுக்கப்பட்ட மக்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தது.

1970ஆம் ஆண்டில், அத்தகைய இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயை லோவின் குழுவினர் ஆராயத் தொடங்கினர். அம்மக்கள் பல் மருத்துவத்தையே அறியாதவர்கள். தூரிகை கொண்டு துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அதே காலத்தில் நார்வேயின் ஓஸ்லோ நகரில், சிறு வயது முதலே பல் மருத்துவம் பெற்று வந்த படித்த ஆண்களையும் ஒப்பீட்டுக்காக ஆராய்ந்தனர். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1986ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர்.

முடிவுகள் யாவை? தோட்டத் தொழிலாளர்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர்க்கு நோய் மிக விரைந்து பரவியது. அவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 விழுக்காட்டினர்க்கு நோய் மிதமாக முன்னேறியது. 45 வயதில் அவர்கள் இழந்தவை சராசரி 7 பற்கள். எஞ்சிய 11 விழுக்காட்டினர் எந்தப் பராமரிப்பும் இன்றியே தப்பினர். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அத்தொழிலாளர்களிடம் சொத்தைப் பல் அநேகமாக இல்லை. எனவே விழுந்த பற்கள் யாவும் ஈறு நோயால் விழுந்தவையே. ஓஸ்லோவில் பராமரிப்புப் பெற்றவர்களிடம் இத்தகைய அழிவு காணப்படவில்லை.

இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இந்த ஆராய்ச்சியைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஈறு நோய் எவ்வாறு வளர்கிறது என்னும் பேரறிவு, கொழுந்து மூட்டை சுமந்த ஏழைகளின் வாயில் அளந்து பெறப்பட்டது. அவர்கள் உடலிலிருந்து கிடைத்த அறிவு மற்றவர் வாயைக் காக்கிறது. அந்த அறிவு நம் குடிசைக்கும் திரும்பி வர வேண்டும் என்பதே என் விருப்பம். கல்விச் சங்கத்தின் பணி அதுதானே?

"நூற்றுக்குப் பதினொருவர் தப்பினரே, நாமும் தப்பலாம்" என்று எவரும் எண்ண வேண்டா. யார் அந்தப் பதினொருவர் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை.

இனி, காக்கும் வழிகளுக்கு வருகிறேன். அவை மூன்று படிகள். படிகளை வரிசை மாற்றி ஏற முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதற்படி: தூரிகை

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்ற பழமொழியை நாம் அறிவோம். வேப்பங்குச்சியையும் நான் இகழமாட்டேன். வேம்பில் நுண்ணுயிர்களை அடக்கும் பண்பு உண்டு. நம் சமூகத்திற்கு மருத்துவம் புதிதும் அன்று. 1907ஆம் ஆண்டில் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தேர்ந்த சித்த மருத்துவர். ஆயினும், குச்சி பல்லின் வெளிப்புறத்தைத் துலக்கும் அளவுக்கு உட்புறத்தையும் கடைவாயையும் எட்டுவதில்லை. செங்கற்பொடியும் மணலும் அடுப்புக்கரியும் உமிக்கரியும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். வெண்மை தெரிவது போல இருக்கும். தேய்ந்தது திரும்ப வராது.

மென்மையான இழைகளை உடைய தூரிகையே போதும். கடினத் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பது ஈற்றைக் கீழே இறக்கிவிடும். தூரிகையை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்து, சிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடங்கள். இவ்விரண்டில் ஒன்றையே செய்ய முடியும் என்றால் இரவில் செய்யுங்கள். உறங்கும்போது உமிழ்நீர் குறைவதால் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல வேட்டை நேரம். புளூரைடு கலந்த பற்பசை பல் சொத்தையையும் தடுக்கும். சிறு குழந்தைக்கு அரிசி அளவும், சற்று வளர்ந்த பிள்ளைக்குப் பட்டாணி அளவும் போதும். விளம்பரத்தில் காட்டுவது போலத் தூரிகை முழுவதும் பிதுக்க வேண்டியதில்லை. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, அல்லது இழைகள் விரிந்தவுடன், தூரிகையை மாற்ற வேண்டும். வீட்டில் ஐவர் இருந்தால் ஐந்து தூரிகைகள் வேண்டும். ஒன்றைப் பலர் பயன்படுத்தலாகாது.

குருதி கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடுவோர் பலர். அது நெருப்பு எரியும் வீட்டில் தண்ணீரை நிறுத்துவது போன்றது. குருதி வருவதே படலம் தங்கியிருக்கிறது என்பதன் அறிகுறி. மென்மையாக, ஆனால் விடாமல் துலக்குங்கள். இரண்டு வாரத்தில் குருதி நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரை நாடுங்கள்.

இரண்டாம் படி: நூல்

தூரிகையின் இழைகள் பல்லின் முன்புறம், பின்புறம், மேற்புறம் ஆகியவற்றைத் தொடும். இரண்டு பற்கள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் சந்தில் அவை நுழைவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது அந்தச் சந்தில்தான். வீட்டின் கூடத்தைப் பெருக்கிவிட்டு மூலையைப் பெருக்காமல் விட்டால் என்ன ஆகும்?

இந்தச் சந்தைத் துலக்குவதற்கு உரியது பல்லிடை நூல். மருந்துக் கடையில் 'டென்டல் பிளாஸ்' என்று கேட்டால் தருவார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் இருந்த லெவி ஸ்பியர் பார்ம்லி என்னும் பல் மருத்துவர் 1819ஆம் ஆண்டிலேயே மெழுகிட்ட பட்டு நூலால் பல்லிடையைத் துலக்க வேண்டும் என்று எழுதினார். இன்று அது பெரும்பாலும் நைலான் முதலிய இழைகளால் ஆகியது.

பயன்படுத்தும் முறை எளிது. ஏறத்தாழ 45 செ.மீ. நீள நூலை எடுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொள்க. இடையே சிறிது நூலைப் பிடித்து, இரண்டு பற்களுக்கு இடையே மெல்ல இழுத்து இறக்குக. வெடுக்கென்று இறக்கினால் ஈறு கிழியும். உள்ளே இறங்கிய நூலை ஒரு பல்லின் பக்கத்தில் வளைத்து அணைத்து, மேலும் கீழுமாகச் சில முறை தேய்க்க. பின்னர் அடுத்த பல்லின் பக்கத்தையும் அவ்வாறே செய்க. ஒவ்வொரு சந்துக்கும் நூலின் புதிய பகுதியைப் பயன்படுத்துக. நாளுக்கு ஒரு முறை, இரவில், துலக்குவதற்கு முன் செய்தால் போதும். ஈறு இறங்கிப் பல்லிடை அகன்றிருப்போர்க்கு நூலைவிடப் பல்லிடைச் சிறுதூரிகை நன்கு பயன்படும்.

கடற்கரை ஊர் ஆதலின் ஓர் எச்சரிக்கையும் தேவை. வலை பின்னும் தங்கூசி நரம்பையோ தூண்டில் நரம்பையோ எடுத்துப் பல்லிடையில் இழுக்கலாகாது. அவை கூர்மையானவை, தூய்மையற்றவை. ஊக்கு, குண்டூசி, துடைப்பத்து ஈர்க்கு, தீக்குச்சி ஆகியவற்றால் பல்லைக் குத்துவதும் ஈற்றுக்குப் பகை.

மூன்றாம் படி: கொப்பளிப்பு நீர்

இப்போது கடைகளில் வண்ண வண்ணப் புட்டிகளில் விற்கும் கொப்பளிப்பு மருந்துக்கு வருகிறேன். 'மவுத்வாஷ்' என்று நம் இளைஞர்கள் வாங்குகிறார்களே, அது. அதனால் பயன் உண்டா? உண்டு. எப்போது? முதல் இரண்டு படிகளையும் ஏறிய பின்பு.

ஏன் அவ்வாறு சொல்கிறேன்? நுண்ணுயிர்ப் படலம் பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிசின் போன்றது. குளத்துப் படிக்கட்டில் படர்ந்த பாசியைத் தண்ணீர் ஊற்றிப் போக்க முடியுமா? தேய்த்தால்தான் போகும். தேய்த்த பின் எஞ்சியதைக் கொப்பளிப்பு மருந்து அடக்கும். புதிதாகப் படிவதைத் தாமதப்படுத்தும். இறுகிய பற்காரையை அது கரைக்காது. ஈற்றின் கீழுள்ள ஆழமான பள்ளத்திற்குள் அது செல்வதும் இல்லை.

கொப்பளிப்பு மருந்துகளில் சில வகைகள் உண்டு. குளோர்எக்சிடின் என்பது வலிமை மிக்கது. லோவும் ஷியோட் என்பவரும் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 0.2 விழுக்காட்டுக் குளோர்எக்சிடின் கரைசல் 10 மி.லி. கொண்டு நாளுக்கு இருமுறை கொப்பளித்தவர்களுக்குப் புதிய படலம் படியாதிருந்ததைக் காட்டினர். ஆயின் அவர்களின் பற்கள் முதலில் நன்கு தூய்மை செய்யப்பட்டிருந்தன என்பதை மறக்கலாகாது. இம்மருந்தை நெடுநாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படியும்; சுவை மாறும்; பற்காரையும் மிகும். ஆதலின் இது ஈறு அறுவைக்குப் பின்னும், கடும் அழற்சியின்போதும், கையால் துலக்க இயலாத நோயாளிகளுக்கும், மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும், பொதுவாக இரண்டு வாரம் அளவில், பயன்படுத்த வேண்டியது. பற்பசையிலுள்ள நுரைப்பொருள் இம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். எனவே துலக்கி அரை மணி நேரம் கழித்தே கொப்பளிக்க வேண்டும்.

மற்றொரு வகை, தைமால், மெந்தால் முதலிய மணநெய்கள் கலந்தது. தைமால் வேறொன்றும் அன்று. நம் அடுக்களையிலுள்ள ஓமத்திற்கு மணம் தருவது அதுவே. இவை துலக்குவதோடும் நூலோடும் சேரும்போது ஈறு அழற்சியைக் குறைக்க ஓரளவு உதவும். சிலவற்றில் சாராயச் சத்து கலந்திருக்கும். வாய் உலர்ந்தவர்களும், குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் அது கலவாததைக் கேட்டு வாங்க வேண்டும். புளூரைடு கலந்தவை பல் சொத்தையைத் தடுப்பதற்கு உரியவை. எவ்வகையாயினும் விழுங்கலாகாது; ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது.

புட்டி வாங்க வசதியில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. வெதுவெதுப்பான ஒரு குவளை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தால் புண்பட்ட ஈற்றுக்கு இதம் கிடைக்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் நம் பழைய வழக்கம், செய்வோர் செய்யலாம். ஆனால் உப்பு நீரோ எண்ணெயோ தூரிகைக்கும் நூலுக்கும் மாற்று ஆகா. உண்டவுடன் வெறும் நீரால் வாய் கொப்பளிப்பது எல்லோர்க்கும் எளிய நல்வழக்கம்.

விளம்பரமும் உண்மையும்

படித்த இளைஞர்கள் விளம்பரத்தை ஆராய்ந்து பார்க்கப் பழக வேண்டும். லிஸ்டரின் என்னும் கொப்பளிப்பு மருந்தின் வரலாறு ஒரு நல்ல பாடம். 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறுவை மருத்துவத்திற்குரிய கிருமிநீக்கியாக அது உருவாயிற்று. அறுவையைத் தூய்மையாக்கிய ஜோசப் லிஸ்டர் என்னும் ஆங்கில மருத்துவரின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1920களில் வாய் நாற்றத்தால் திருமணம் தடைப்படும், நண்பர் விலகுவர் என்று மக்களின் கூச்சத்தைக் கிளறி விளம்பரம் செய்து விற்றனர். சளியும் தொண்டைப் புண்ணும் வராமல் தடுக்கும் என்றும் கூறினர். அவ்வாறு தடுக்காது என்று விளம்பரத்திலேயே அறிவிக்க வேண்டும் என அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1975ஆம் ஆண்டில் ஆணையிட்டது. பின்னர், பல்லிடை நூலுக்கு நிகராக இது செயற்படும் என்று விளம்பரம் வந்தது. நூல் தயாரிக்கும் நிறுவனம் வழக்குத் தொடர, 2005ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விளம்பரம் பொய்யானது, மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பளித்தது.

மருந்து கெட்டது என்பது இதன் பொருள் அன்று. துணைவனைத் தலைவன் என்று விற்றதே குற்றம். ஒரு புட்டியின் விலையில் குடும்பத்தினர் அனைவர்க்கும் தூரிகை வாங்கலாம். கையில் உள்ள பணம் அளவானதாயின் முதலில் தூரிகையும் பசையும், அடுத்து நூல், அதற்கும் மேல் இருந்தால் கொப்பளிப்பு மருந்து என்னும் வரிசையில் செலவிடுக. வாய் நாற்றத்தைப் புட்டியால் மறைப்பவர், நாற்றத்திற்குக் காரணமான ஈறு நோயையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்.

சில தவறான எண்ணங்கள்

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது நம்மிடையே பரவியுள்ள ஓர் அச்சம். மருத்துவர் பற்காரையை நீக்கிய பின் சிலர்க்குப் பல் ஆடுவது போல் தோன்றுவது உண்மை. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லை அந்தக் காரை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தது. நோய் வெளிப்பட்டதேயன்றிப் புதிதாக வரவில்லை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும் என்பதும் அச்சமே. கண்டங்கத்திரி விதைப் புகையைக் காட்டிப் பல்லிலிருந்து புழு எடுப்பதாகச் சொல்வோரும் உளர். பல்லில் புழு இல்லை என்பதைப் பிரான்சின் பியேர் ஃபோஷார் 1728ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே எழுதிவிட்டார். அவர் நாட்டவர் காரைக்காலுக்கு வந்தது 1739இல்! மூன்று நூற்றாண்டு ஆகப்போகிறது. நாம் இன்னும் புழுவை நம்பலாமா?

புகையிலையைப் பற்றி ஒரு சொல். பல் வலிக்குப் புகையிலையை அடக்கிக்கொள்வதும், புகையிலைத் தூளால் பல் துலக்குவதும் பெருங்கேடு. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992ஆம் ஆண்டில் தடை செய்தது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பீடி, சிகரெட்டுப் பிடிப்போர்க்கு ஈற்றின் குருதிக் குழாய்கள் சுருங்குவதால், நோய் முற்றியும் குருதி கசியாது இருக்கலாம். எச்சரிக்கை மணியின் நாவையே அறுத்துவிடுகிறது புகை.

நீரிழிவு உடையோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் விரையும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரை அடங்காது. அண்ணல் அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். கருவுற்ற தாய்மார்களுக்கும் ஈறு எளிதில் வீங்கிக் குருதி கசியும். அதனை இயல்பென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சங்கத்தின் முன் சில வேண்டுகோள்கள்

இறுதியாக, இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இச்சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுத்துக் கற்பிப்பது போலவே, தூரிகை பிடிக்கவும் நூல் பிடிக்கவும் ஒரு நாள் கற்பியுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோர்க்குக் கற்பிப்பார்கள்.

இரண்டு: நம் பிள்ளைகள் பல் மருத்துவம் படிக்க வழிகாட்டுங்கள். புதுச்சேரியில் அரசு சார்ந்த மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பட்டப்படிப்பு மட்டுமன்றி, பல் சுகாதாரப் பணியாளர்க்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் அப்பணியாளர்க்குத் தனிப் பதிவேடே வகுத்தது. பற்காரை நீக்கும் கருவியை நம் வீட்டுப் பெண் ஒருத்தி கையில் எடுக்கும் நாள் வர வேண்டும்.

மூன்று: ஆண்டுதோறும் ஒரு நாள் பல் பரிசோதனை முகாம் நடத்துங்கள். அந்த நாளையும் நானே சொல்கிறேன்: மார்ச் 20. உலக வாய்நல நாளாக 2013 முதல் கொண்டாடப்படும் நாள் அது. அதே மார்ச் 20இல்தான், 1927ஆம் ஆண்டில், மகாராட்டிரத்தின் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்திற்கு நடந்து சென்று, மாடும் நாயும் குடித்த, நமக்கு மட்டும் மறுக்கப்பட்ட நீரைத் தம் கையால் அள்ளிப் பருகினார். ஒரு கை நீரை வாயில் இடும் உரிமைக்காக நம்மவர் அடிபட்ட நாள் அது. அந்த உரிமையால் வந்த நீரைக் கொண்டு வாயைத் தூய்மையாக வைத்திருப்பது அவர்க்கு நாம் செலுத்தும் ஒரு சிறு கைம்மாறு.

இன்றிரவே தொடங்குங்கள். முதலில் நூல், அடுத்துத் தூரிகை, வேண்டுமாயின் பின்னர்க் கொப்பளிப்பு நீர். ஐந்து நிமிட வேலை. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பொத்தப்பட்டிருந்த வாய் இனித் திறந்தே இருக்கட்டும். தடையின்றிப் பேசட்டும், தயங்காமல் சிரிக்கட்டும்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க சங்கத்தின் கல்விப் பணி!